கடைசி வரிசைக்குக் கேட்கும்படி

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதுவதற்கு எனக்குத் தகுதி ஒன்றும் இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறாமல் படகில் ஏறியவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்தும், படகின் பக்கவாட்டில் பெயிண்டால் எண்ணும்தான். பேச்சிலும் அப்படித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தவன் இல்லை. அப்படிப்பட்ட ஆள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் நான் போய் வந்த அரசு ஆஸ்பத்திரியில், நடைபாதையின் கோடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. கடைசியாக நான் போனபோது அதில் ஒருவர் துண்டால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நெருங்குவதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள மணல்மேட்டில் எங்கள் ஊர். எனக்கு ஏரித் தொழில். இறால், நண்டு, மடவை மீன். பிடிப்பது நான், விற்பது என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. ஏலம் நடக்கும் இடத்துக்கு நான் கூடையைக் கொண்டுபோய் வைப்பேன், உடனே திரும்பிவிடுவேன். அங்கே நின்றால் யாராவது ஏதாவது கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல வாய் திறந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், காது சூடாகும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோலவும், பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதுபோலவும் இருக்கும்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். வலை தைக்கும்போது நூலின் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வது எங்களில் எல்லாரும் செய்வதுதான். நான் தைக்காதபோதும் கடித்துக்கொண்டிருப்பேன். வாயில் நூல் இருக்கிற ஆளிடம் யாரும் நீளமான பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். "ம்" என்றால் போதும். விடுமுறை நாட்களில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டால்கூட நூலைக் கடித்தபடி கையை நீட்டிக் காட்டிவிடுவேன். டீக்கடை, கோவில், பஸ் நிறுத்தம் என்று எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு முழம் நைலான் நூல் இருக்கும். ஊரில் பலர் என்னைக் கடுமையான உழைப்பாளி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரிக்குள் மட்டும் கதை வேறு. தூரத்துப் படகில் இருப்பவனுக்குக் குரல் கொடுப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. முகம் தெரியாத தூரம் என்றால் என் குரல் நன்றாகவே வரும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் என் ஒரே மகளுக்கு வரன் அமைந்தது. பையன் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். அவளுக்கும் பிடித்திருந்தது. அங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் நிச்சயதார்த்தம் கோவில் வாசலில் நடக்கும். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தி நின்று, "பொண்ணு குடுத்தேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பையனின் அப்பா தன் தட்டோடு எதிரில் நின்று, அதன்பின் "பொண்ணு எடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். மற்ற ஊர்களிலும் இது உண்டு. எங்கள் ஊரில் கூடுதலாக ஒன்று: கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒருவரை நிறுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் அவர் "கேட்டேன்" என்று பதில் கொடுத்தால்தான் அது செல்லும். காற்று ஓயாத இடம். முன்வரிசைக்கு மட்டும் கேட்டுப் பின்னால் வழக்கு வந்துவிடக் கூடாது என்று யாரோ எப்போதோ வைத்த முறை.

அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் சொல்லலாம்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பேச்சுக்கு அஞ்சாதவன். நான் வாயைத் திறக்குமுன்பே அவன் என் சங்கடத்தைப் புரிந்துகொண்டான். ஒருநாள் சாப்பிடும்போது, "மாமா, நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற? தட்ட நீ புடி. நா பக்கத்துல நின்னு சொல்லிட்றேன். மூணு இன்னா, முப்பது தபா சொல்றேன்" என்றான்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் மகள் சோற்றில் கை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா இல்லாத பொண்ணுக்குத்தான் மாமா சொல்லுவாங்க. எனக்கு நைனா இக்கிது இல்ல?"

"அதுக்கில்லம்மா, ஒங்க நைனாவுக்கு..." என்று மச்சான் இழுத்தான்.

"நீ சொல்லு நைனா. மெதுவா சொன்னாலும் பரவாயில்ல. நீதான் சொல்லணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். அவ்வளவுதான். எனக்குத்தான் அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து நெஞ்சடிப்பு ஏரிக்குள்ளேயும் வர ஆரம்பித்தது. படகில் தனியாக இருக்கும்போதே கோவில் வாசல் கண்முன் வரும். நான் தட்டோடு நிற்கிறேன், வாய் திறக்கிறேன், காற்று மட்டும் வருகிறது, கடைசி வரிசை சிரிக்கிறது. உடனே நெஞ்சு தடதடக்கும். என் மனைவி இது இருதயக் கோளாறு என்று முடிவு செய்து, என்னை பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கும்மா" என்றார்.

"நல்லா இக்கிதுன்னா அது ஏன் சார் இப்டி அட்ச்சிக்குது?"

"எப்பெப்போ அடிச்சிக்குது?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "யாருனா இவர்கிட்ட பேசுனா அட்ச்சிக்குது சார். இப்ப நீங்க கேட்டீங்க பாருங்க, இப்பகூட அட்ச்சிகினுதான் இக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். நடைபாதைக் கோடியில் உள்ள அறைக்குப் போகச் சொன்னார். அந்த அறையின் கதவில் மனநலம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும், வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் மேலே சொன்னேன்.

உள்ளே மனநல ஆலோசகர் மேடம் ஒருவர் இருந்தார். என் மகளைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கலாம். தலைக்குமேல் மின்விசிறி ஓயாமல் கிறீச்சிட்டது. அதற்குமேல் குரலெடுத்துப் பேசினால்தான் கேட்கும். இது என்னடா சோதனை என்று இருந்தது. நான் பையிலிருந்து நூலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். என் மனைவிதான் எல்லாவற்றையும் சொன்னாள். நிச்சயதார்த்தத்தையும், கடைசி வரிசையையும், மகள் சொன்னதையும். அவள் சொல்லி முடித்ததும் மேடம் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, இந்த நூல் எதுக்கு?"

வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. வலைக்காரனிடம் நூல் எதற்கு என்று யார் கேட்பார்கள்? மேடத்துக்கு எங்கள் தொழில் தெரியாது, அதனால் கேட்டுவிட்டார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறார்.

அவர் செய்வதற்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சி.பி.டி. என்றும் சொல்வார்களாம். சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும், அதை டாக்டர் பார்த்துச் சொல்வார், உங்களுக்கு முதலில் இதைச் செய்து பார்க்கலாம் என்றார். எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான்: ஒரு நினைப்பு வருகிறது. அதை நம்பி உடம்பு பதறுகிறது. பதறியதும் நான் ஓடி ஒளிகிறேன், அல்லது நூலைக் கடிக்கிறேன். ஒளிந்துகொண்டதால் அந்த நினைப்பு சரியா தப்பா என்று பார்க்கும் வாய்ப்பே எனக்குக் கிடைப்பதில்லை. மறுநாள் அதே நினைப்பு இன்னும் கொழுத்து வருகிறது.

"தட்டோட நின்னு குரல் வரலைன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"கல்யாணம் நின்னுடும் மேடம்."

"உங்க ஊர்ல அப்பா குரல் கம்மியா இருந்து எந்தக் கல்யாணமாவது நின்னிருக்கா?"

நான் நன்றாக யோசித்தேன். "அதால நின்னதில்ல. ஒண்ணு நின்னுது. ஆனா அது மாப்ள ஓடிப்போய்ட்டதால."

மேடம் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன். அந்நியர் ஒருவரோடு அறைக்குள் உட்கார்ந்து சிரித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நூல் எப்போது வாயிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை.

"அதுக்கு என்ன சாட்சி?" என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்பேன். சாட்சி என்ன என்பார். என்னை மட்டமாக நினைப்பார்கள் என்பேன். சாட்சி என்ன என்பார். இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன் மேல் ஒருவன் குற்றம் சொன்னால், சாட்சியைக் கொண்டுவா என்பதுதான் பெரியவர்களின் முதல் பேச்சு. என் மனசு என்மேல் இத்தனை காலம் குற்றம் சொல்லியிருக்கிறது. ஒரு தடவையாவது நான் சாட்சி கேட்டதுண்டா? கேட்காமலே தண்டனையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்னொரு நாள் அவர் தன் போனை மேசையில் சாய்த்து வைத்து, "ஏதாவது சொல்லுங்க, படம் எடுக்கிறேன்" என்றார். எடுப்பதற்கு முன், நான் எப்படித் தெரிவேன் என்று கேட்டார். முகம் கறுத்து, வேர்வை ஊற்றி, கை நடுங்கி, குரல் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும் என்றேன். பிறகு, வலையில் மாட்டிய கெளுத்தி மீனை முள் குத்தாமல் எப்படி எடுப்பது என்று சொல்லத் தொடங்கினேன். நெஞ்சு அடித்த அடியில் மேசையே ஆடுவதுபோல் இருந்தது. முடிந்ததும் போனை என் பக்கம் திருப்பினார்.

அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கெளுத்தி மீனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் காதைச் சொறிந்தார். வேறொன்றும் இல்லை.

"கை நடுங்குதா பாருங்க."

"மடிமேல கெடக்குது மேடம்."

"வேர்வை?"

"தெரியலயே." எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை பாடு உள்ளுக்குள் நடக்கிறது, வெளியே ஒன்றுமே தெரியவில்லை என்றால் எப்படி? நான் எப்போதும் என் நெஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் அதே சத்தம் ஊருக்கும் கேட்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன் என்றார் மேடம். "உங்களைப் பார்க்காதீங்க. எதிர்ல இருக்கிற முகத்தைப் பாருங்க. அது என்ன செய்யுதுன்னு எனக்கு வந்து சொல்லுங்க."

எல்லாம் வரிசையாக நடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டீக்கடையில் நானே டீ கேட்க வேண்டும், வழி கேட்பவருக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். சிலதைச் செய்தேன். ஒரு வாரம் எதையும் செய்யாமல் மறுபடி நூலைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். மேடம் திட்டுவார் என்று பயந்து போனேன். அவர் திட்டவில்லை. "எப்போ திரும்ப வாய்க்குள்ள போச்சு?" என்று மட்டும் கேட்டார். பையன் வீட்டார் தேதி குறித்துவிட்டுப் போன அன்று, என்றேன். "அப்போ போகத்தானே செய்யும்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு எந்தப் புத்திமதியையும்விட உதவியாக இருந்தது.

பிறகுதான் பெரிய வேலை வந்தது. "உங்க ஊர்ல யாருமே செய்யாத தப்பு ஒண்ணு சொல்லுங்க. அதைச் செஞ்சா ஊரே திரும்பிப் பார்க்கணும். யாருக்கும் நஷ்டமும் வரக்கூடாது."

யோசித்துச் சொன்னேன்: "ஏலத்துல ஒருத்தர் கேட்ட வெலைக்குக் கீழ கேக்கறது."

"அதைச் செய்யுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏலம் என்பது ஏறிக்கொண்டே போவது. ஒருவர் கேட்டதற்கு மேலேதான் அடுத்தவர் கேட்பார். குறைத்துக் கேட்பது பைத்தியக்காரத்தனம். குழந்தைகள்கூடச் செய்யாது. என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். ஏலம் நின்றுவிடும், எல்லாரும் என்னையே பார்ப்பார்கள், மனைவி வீட்டுக்குள் சேர்க்க மாட்டாள், கல்யாணம் வரைக்கும் ஊரில் இதே பேச்சாக இருக்கும் என்றேன். "சரி, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார், ஏதோ மார்க்கெட்டுக்கு அனுப்புவதுபோல.

அடுத்த நாள் காலை கூடையை வைத்துவிட்டு நான் திரும்பவில்லை, அங்கேயே நின்றேன். பையில் நூல் இல்லை; வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தார்ப்பாயில் யாருடைய நண்டோ குவியலாகக் கொட்டிக் கிடந்தது. ஏலக்காரர் விலையைப் பாட்டுப்போல இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்ட விலை முந்நூற்றைம்பது. நான் கண்ணை மூடிக்கொண்டு, "முந்நூறு!" என்றேன்.

சத்தம் நின்றது. மேடம் சொன்னது ஞாபகம் வந்து கண்ணைத் திறந்து முகங்களைப் பார்த்தேன்.

கூடைமேல் உட்கார்ந்திருந்த வியாபாரி அம்மா ஒருவர்தான் முதலில் ஆரம்பித்தார். "இன்னா அண்ணாத்தே, படக ரிவர்ஸ்ல ஓட்டிகினு வந்தியா?"

ஏலக்காரர், "அண்ணே, ஏலம் ஏறத்தான் செய்யும். நீ எறங்கணும்னா அதோ ஏரி இக்கிது, எறங்கிக்க!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் இத்தனை வருஷமாகப் பயந்த அதே சிரிப்பு. ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தால் அது நான் நினைத்த மாதிரி இல்லை. வெற்றிலை வாயோடு, தலையை ஆட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் குவியலிலிருந்து ஒரு பெரிய நண்டு இறங்கி நடந்து, ஏலக்காரரின் செருப்பைக் கவ்விக்கொண்டது. அவர் ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தார். என்னை விட்டுவிட்டு ஊரே அந்த நண்டைப் பார்க்கப் போய்விட்டது.

என் மனைவி மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இது மேடம் கொடுத்த வேலை என்று அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

"யோவ், கேட்டது நீயா?"

"நான்தாமே."

"நீயா? ஏலத்துலயா? அதுவும் கொறச்சா?" சொல்லிக்கொண்டே வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலைகீழாகக் கிடந்த கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கொரலு இத்தினி நாளா எங்கய்யா இருந்துச்சு? நானு தொண்ட கிழிய கத்திகினு இருந்தேனே!"

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். அவன் அன்று ஏலத்துக்குப் போகவில்லை. ஊர்ப்பேச்சு எல்லாம் அவன் காதுக்கு வராமல் போகாது. நான் வலையைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, "காலைல ஏலத்துல ஏதோ விசேஷமாமே?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற மாமா! ஒரு நண்டு ஏலக்காரன் செருப்பப் புட்ச்சிகிச்சாம். வுடவே இல்லியாம். செருப்ப அறுத்துதான் எட்த்தாங்களாம்."

"வேற?"

"வேற இன்னா? அதான்."

இதை மேடத்திடம் சொன்னபோது அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அந்த வாரம் எனக்கு ஏரியும் வானமும் புதிதாக இருந்தன. ஒரு தப்பை ஊர் நடுவில் செய்து, அது ஒரு நண்டிடம் தோற்றுப்போனதைப் பார்த்தவனுக்கு அதற்குமேல் என்ன பயம்? பயம் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது வந்தால் வரட்டும் என்று இருந்தேன். வந்து, கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, தானாகவே தணிவதை ஓடாமல் நின்று பார்க்கப் பழகியிருந்தேன்.

ஏரியில் வலை இழுக்கும்போது ஒத்திகை பார்த்தேன். ஒரு காலை, யாரும் இல்லை என்று நினைத்து, "பொண்ணு குடுத்தேன்!" என்று ஓங்கிக் கத்தினேன். தூரத்துப் படகிலிருந்து உடனே பதில் வந்தது: "யாருக்குய்யா? எனக்கு ரெண்டு பசங்க இக்கிறானுங்க, பாத்துக் குடு!"

நிச்சயதார்த்த நாள் வந்தது. கோவில் வாசலில் பந்தல் போட்டிருந்தோம். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். பாட்டுப் போட மைக் செட் வந்திருந்தது. மச்சான் மைக்கைக் கையில் எடுத்து, இதிலேயே மாமா சொல்லட்டுமே என்று எனக்காகக் கேட்டுப் பார்த்தான். எங்கள் ஊர்ப் பெரியவர், "மைக்குல சொன்னா அது மைக்கு குடுத்த பொண்ணு. அப்பன் கொரல்ல வரணும்" என்று முடித்துவிட்டார். கடைசி வரிசைக்கு யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தது. மகள் பட்டுப் புடவையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "மாமா நிக்கட்டும். அது காதுல வுழுந்தா ஊருக்கே வுழுந்த மாரி."

மச்சான் பந்தலைத் தாண்டி, காற்று வீசும் பக்கமாகப் போய் நின்றான். நான் தட்டை ஏந்திக்கொண்டு எழுந்தேன்.

நெஞ்சடிப்பு வந்தது. காது சூடானது. என் உடம்புக்குப் பழகிய அந்த விருந்தாளிகள் எல்லாரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாயைத் திறந்தேன். "பொண்ணு குடுத்தேன்" என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பின்னாலிருந்து மச்சான் கையைக் காதில் குவித்துக்கொண்டு, "கேக்கல!" என்றான். அவனுக்கு வேறு வழியில்லை. முறை என்றால் முறை.

கூட்டத்தில் சலசலப்பு. குனிந்துகொள்ளத் தோன்றியது. குனிந்தால் தட்டையும் என் நெஞ்சையும்தான் பார்ப்பேன் என்று தெரியும். அதனால் எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தேன். பையனின் அப்பா. மீசை வைத்த, ஆட்டுக்கல் போன்ற மனிதர். அவருடைய தட்டில் தேங்காய் ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிலை ஆடிக்கொண்டிருந்தது. தட்டுக்குக் கீழே அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். நான் சொன்ன பிறகு அவர் சொல்ல வேண்டும் அல்லவா! அந்தப் பயம் அவருக்கு.

எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் பொங்கியது. "சம்மந்தி, ஒண்ணியும் ஆவாது. நா மொதல்ல சொல்லிட்றேன்" என்று மெதுவாக அவரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கித் தலையாட்டினார்.

பிறகு, தூரத்துப் படகுக்குக் குரல் கொடுப்பதுபோல, மச்சானைப் பார்த்துச் சொன்னேன். "பொண்ணு குடுத்தேன்!"

"கேட்டேன்!"

"பொண்ணு குடுத்தேன்!"

"கேட்டேன், மாமா!"

"பொண்ணு குடுத்தேன்!" கோவில் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

"கேட்டேன்!" மச்சானின் குரல் உடைந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இத்தனை வருஷமாக அடைத்துக் கிடந்தது அதற்குள் நின்றுவிடுமா? "பொண்ணு குடுத்தேன்!" என்று இன்னொரு தடவையும் சொல்லிவிட்டேன்.

ஊர்ப் பெரியவர், "போதும்யா, போதும்! ஒனக்கு இருக்கிறது ஒரு பொண்ணுதான?" என்றார்.

பந்தலே சிரித்தது. சம்பந்தி சிரித்த சிரிப்பில் அவர் தட்டில் இருந்த தேங்காய் உருண்டு விழுந்தது. நடுக்கமும் அதோடு போய்விட்டது. அவர் தன் பங்கைப் பிசிறில்லாமல் சொல்லி முடித்தார். தட்டு மாற்றிக்கொண்டோம். என் மனைவி பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "ஏலத்துல கொறச்சுக் கேட்டாரு, இங்க ஏத்திச் சொல்றாரு, இந்த ஆளுக்குக் கணக்கே வராதுமே" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கடைசியா இன்னொரு தபா எதுக்கு நைனா?" என்றாள்.

"மொதல்ல சொன்னது மாமாவுக்குக் கேக்கல இல்ல, அத்த ஈடு கட்டுனேன்."

"எனக்கு மொதல் தடவையே கேட்டுச்சு" என்றாள்.

மறுநாள் காற்று இறங்கியிருந்தது. விடிகாலையில் ஏரிக்குப் போனேன். இறால் சுமாராகத்தான் கிடைத்தது. மனைவிக்கு உடம்பு அசதியாக இருந்ததால் ஏலத்துக்கு நானே கொண்டுபோனேன். விற்றுவிட்டு வந்து வலையை அலசிக் காயப்போட்டேன்.